வந்து போகும் மோஸ்தரா, வந்து தங்கிவிட்டதா? - வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் ஒரு வாசகிக்கு எழுதிய பதிலில், "ஃபேஸ்புக் கணக்கை மூடினால் உறவு முறிந்துவிடாது" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. சமூக ஊடகம் ஒரு காய்ச்சல், தானாக இறங்கிவிடும் என்று பாதிப் பேர். உலகமே தலைகீழாக மாறிவிட்டது, இன்னுமா புரியவில்லை என்று மீதிப் பேர். சரி, இந்த முறை மற்ற கேள்விகளை ஒதுக்கிவிட்டு இதற்கே இடம் கொடுக்கிறேன்.

கேள்வி: எழுபது வயதாகிறது எனக்கு. எத்தனையோ வந்து போனதைப் பார்த்துவிட்டேன். பேஜர் வந்தது, போனது. ஆர்குட் என்றார்கள், அதுவும் போனது. சமூக ஊடகமும் இப்படித்தான் போகும் என்கிறேன். பேரன் சிரிக்கிறான். யார் சொல்வது சரி? (ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர்)

நீங்கள் தளங்களைப் பார்க்கிறீர்கள் ஐயா. உங்கள் பேரன் பழக்கத்தைப் பார்க்கிறான். அதனால்தான் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை.

தளங்களைப் பற்றி என்றால் உங்கள் பக்கம்தான் ஆதாரம் குவிந்து கிடக்கிறது. 1997-ல் தொடங்கிய சிக்ஸ்டிகிரீஸ்தான் இந்த வகையில் முன்னோடி. நண்பர்களின் நண்பர்கள் என்று சங்கிலி போட்டுக்கொண்டே போகும் தளம். சில ஆண்டுகளில் மூடிவிட்டார்கள். மைஸ்பேஸை 2005-ல் 58 கோடி டாலர் கொடுத்து வாங்கினார்கள். 2011-ல் அதை விற்றபோது சுமார் மூன்றரைக் கோடிதான் கிடைத்தது. நீங்கள் சொன்ன ஆர்குட், 2004 ஜனவரியில் வந்து 2014 செப்டம்பர் 30-ல் விடைபெற்றது. கூகுள் பிளஸ் எட்டு ஆண்டுகூட முழுதாக ஓடவில்லை. ஆறு விநாடி வீடியோக்களுக்கென்றே வந்த வைன் நான்கே ஆண்டு. ட்விட்டர் இன்னும் இருக்கிறது, ஆனால் 2023-ல் அதன் பெயரே போய்விட்டது. இன்று பேரன் கையில் இருக்கும் செயலியும் அவனுடைய பேரன் காலத்தில் இருக்கும் என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

ஆனால் ஒரு பொருள் மறைந்துவிட்டது என்பதை மட்டும் வைத்து அது மோஸ்தர் என்று சொல்லிவிட முடியாது. இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, என் வேலையில் பார்த்தேன்.

1982-ல் ஒரு தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். காதில் ஹெட்போன், எதிரே துளைகள் நிறைந்த பலகை, கையில் வடம். வெளியூர் அழைப்பு வேண்டுமென்றால் எங்களிடம் பதிவு செய்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இணைப்புக் கிடைத்து மூன்று நிமிடம் ஆனதும் நாங்கள் குறுக்கே வந்து, "மூன்று நிமிடம் ஆகிவிட்டது, நீட்டிக்கவா?" என்று கேட்போம். அந்த மூன்று நிமிடங்கள் எப்படிப் போகும் என்று எனக்கு மனப்பாடம். முதல் நிமிடம் "கேட்குதா? கேட்குதா?" என்பதிலேயே கரைந்துவிடும். கடைசி அரை நிமிடம் "வைக்கட்டுமா, சரி வைக்கிறேன்" என்பதில் போகும். நடுவில் மிஞ்சும் ஒன்றரை நிமிடத்தில்தான் பிறப்பு, இறப்பு, கடன், கல்யாணம் எல்லாவற்றையும் சொல்லி முடிக்க வேண்டும். வாரந்தோறும் ஞாயிற்றுக்கிழமை ஒருவர் தன் மகளுக்குப் பதிவு செய்வார். பெரும்பாலும் இரண்டு பக்கமும் பேச்சே இருக்காது. மகள் மூச்சு விடுவது மட்டும் கேட்கும். நீட்டிக்கவா என்று கேட்டால், "நீட்டிங்கம்மா" என்பார்.

பிறகு தானியங்கி இணைப்பு வந்தது. பலகையைக் கழற்றி எடுத்துப் போன நாளில் நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். அது நின்ற இடத்தில் மட்டும் தரையின் நிறம் வேறாக இருந்தது. எங்கள் வேலை போனது, பலகை பழைய இரும்புக்குப் போனது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை பேசிக்கொண்டிருந்த அந்த மனிதர் கடிதம் எழுதத் திரும்பவில்லை. இன்னும் கூடுதலாகப் பேசினார், யாரையும் கேட்காமல்.

அன்றிலிருந்து எனக்கு இது ஒன்றுதான் அளவுகோல். ஒரு பொருள் போன பிறகு அதைப் பயன்படுத்தியவர்கள் எங்கே போகிறார்கள் என்று பாருங்கள். பழைய இடத்துக்கே திரும்பிவிட்டால் அது மோஸ்தர். அடுத்த வாசலைத் தேடிப் போனால், அவர்களுக்குள் ஏதோ மாறிவிட்டது என்று பொருள்.

இரண்டு எடுத்துக்காட்டுகள் சொல்கிறேன். அமெரிக்காவில் 1970-களில் சிபி ரேடியோ என்று ஒரு வெறி கிளம்பியது. வண்டியில் இருந்தபடியே பக்கத்தில் உள்ளவர்களோடு இருபக்கமும் பேசிக்கொள்ளும் ரேடியோ அது. 1973-ல் எண்ணெய் நெருக்கடி. எரிபொருளை மிச்சப்படுத்த நெடுஞ்சாலைகளில் மணிக்கு 55 மைல்தான் என்று வேகத்துக்குக் கட்டுப்பாடு போட்டார்கள். எங்கே டீசல் கிடைக்கும், எங்கே போலீஸ் நிற்கிறது என்று லாரி ஓட்டுநர்கள் வண்டிக்கு வண்டி ரேடியோவில் சொல்லிக்கொண்டார்கள். அதைப் பார்த்து மற்றவர்களும் ஆளுக்கொரு புனைபெயர் வைத்துக்கொண்டு முன்பின் தெரியாதவர்களோடு பேச ஆரம்பித்தார்கள். நெரிசல் தாங்காமல் 1977-ல் அலைவரிசைகளை 23-லிருந்து 40 ஆக்க வேண்டியிருந்தது. அடுத்த சில ஆண்டுகளில் கூட்டம் கலைந்துவிட்டது. லாரிக்காரர்களிடம் மட்டும் அது தங்கியது, மற்றவர்கள் ரேடியோவை அணைத்துவிட்டு முன்பு போலவே வண்டி ஓட்டினார்கள். அது மோஸ்தர்.

இன்னொன்று பிரான்ஸ். 1982-ல் அங்கே தொலைபேசிச் சந்தாதாரர்களுக்கு மினிடெல் என்ற சின்னத் திரையை இலவசமாகவே கொடுத்தார்கள். அச்சிட்ட டெலிபோன் டைரக்டரிக்குப் பதிலாக அதில் எண்களைத் தேடட்டும் என்பது திட்டம். மக்களோ அதில் அரட்டை அடித்தார்கள், முகம் தெரியாதவர்களோடு விடிய விடிய. 2012 ஜூன் 30-ல் மினிடெல்லை நிறுத்தினார்கள். அரட்டை நின்றதா? அதற்கு முன்பே இணையத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டது.

சமூக ஊடகத்தை எந்தக் கணக்கில் சேர்ப்பது? ஆர்குட்டிலிருந்து ஃபேஸ்புக்குக்குப் போனார்கள். வைனில் இருந்தவர்கள் யூடியூபுக்கும் இன்ஸ்டாகிராமுக்கும் போனார்கள். ஒரு வாசல் மூடும்போதெல்லாம் கூட்டம் அடுத்த வாசலில் போய் நின்றதே தவிர வீட்டுக்குத் திரும்பவில்லை. மினிடெல் பக்கம்தான் இது.

அந்தப் பழக்கம்தான் என்ன என்று கேட்பீர்கள். என் பலகையில் ஒருவர் ஒருவரோடு பேசினார். பத்திரிகையிலும் வானொலியிலும் ஒருவர் பல பேரோடு பேசினார், ஆனால் அந்த ஒருவருக்கு அச்சகமோ உரிமமோ இருந்தாக வேண்டும். பல பேர் பல பேரோடு, யாரிடமும் அனுமதி வாங்காமல், ஆளுக்கு ஆள் தூரம் பார்க்காமல் பேசுவது என்பது அதுவரை இல்லாத ஏற்பாடு. அதற்கான ஆசை ஃபேஸ்புக்கோடு பிறக்கவும் இல்லை. 1978-ல் சிகாகோவில் பனிப்புயலால் வீட்டில் அடைபட்டுக் கிடந்த வார்டு கிறிஸ்டென்சன், ரேண்டி சூஸ் என்ற இரண்டு கணினி ஆர்வலர்கள், யார் வேண்டுமானாலும் தொலைபேசி வழியாகக் கணினியில் இணைந்து செய்தி எழுதிவைக்கக்கூடிய ஓர் அறிவிப்புப் பலகையைக் கட்டினார்கள். ஒரு நேரத்தில் ஒரே ஆள்தான் உள்ளே வரலாம். மற்றவர்களுக்கு என்கேஜ்டு ஒலி கேட்கும். அப்படியும் வரிசை கட்டி வந்தார்கள். என்கேஜ்டு ஒலியைக் கேட்டுக் கேட்டு வாழ்ந்த எனக்கு அந்த வரிசை நன்றாகவே புரிகிறது.

இப்படி ஒருமுறை கூடிப் பேசிப் பழகியவர்களைக் கலைக்க முடியாது. 1675 டிசம்பரில் இங்கிலாந்தின் இரண்டாம் சார்லஸ் மன்னர், அரசைப் பற்றி வதந்தி பரவுகிறது என்று காப்பிக் கடைகளை மூட ஆணையிட்டார். எதிர்ப்பு கிளம்பியது. ஆணை நடைமுறைக்கு வரும் முன்பே ஜனவரியில் அதைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. 350 ஆண்டுகள் கழித்து, 2025 செப்டம்பர் 4-ல் நேபாள அரசு ஃபேஸ்புக், யூடியூப் உள்ளிட்ட 26 தளங்களை முடக்கச் சொன்னது. ஊழல் மீது ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்த இளைஞர்கள் 8-ஆம் தேதி தெருவில் இறங்கினார்கள். அன்று இரவே தடையை நீக்கியும் பயனில்லை, மறுநாள் பிரதமர் பதவி விலகினார். இடைக்காலத் தலைமைக்கு யாரைக் கொண்டுவருவது என்று அந்த இளைஞர்கள் டிஸ்கார்ட் செயலியில் கூடி விவாதித்தார்கள். முன்னாள் தலைமை நீதிபதி சுசீலா கார்கி 12-ஆம் தேதி பிரதமராகப் பதவியேற்றார். அந்தப் போராட்டத்தில் எழுபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின, அந்தக் கணக்கை விட்டுவிட்டு இதை வெற்றிக் கதையாகச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் ஒரு நாட்டின் அடுத்த பிரதமர் யார் என்ற பேச்சு ஒரு செயலிக்குள் நடந்த பிறகு, இதைக் காய்ச்சல் என்று எப்படிச் சொல்வது?

பேரனிடம் தோற்றுவிட்டதாக நினைக்காதீர்கள். அவன் கையில் இருக்கும் செயலியின் பெயரை ஒரு தாளில் எழுதித் தேதி போட்டுக் கொடுங்கள். பத்து ஆண்டு கழித்து எடுத்துப் பார்க்கட்டும்.

கேள்வி: வணக்கம் அம்மா. கல்லூரியில் படிக்கிறேன். என் வகுப்பில் யாருமே இப்போது பதிவு போடுவதில்லை. பார்க்கிறோம், அவ்வளவுதான். அப்படியென்றால் சமூக ஊடகம் முடிந்துவிட்டது என்றுதானே அர்த்தம்? (மாணவர் ஒருவர்)

நல்ல கண் தம்பி உனக்கு. பெரியவர்கள் பலருக்கும் இது இன்னும் தெரியவில்லை.

2006 செப்டம்பருக்கு முன்னால், ஃபேஸ்புக்கில் ஒரு நண்பன் என்ன செய்கிறான் என்று அறிய அவனுடைய பக்கத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும். வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டுவது போல. அந்த மாதம்தான் எல்லாருடைய செய்தியையும் ஒரே இடத்தில் கொட்டும் நியூஸ் ஃபீடு வந்தது. எங்களை வேவு பார்ப்பது போல இருக்கிறது என்று லட்சக்கணக்கானோர் அதே ஃபேஸ்புக்கில் குழு தொடங்கி எதிர்த்தார்கள். ஃபீடு போகவில்லை. அந்த ஆண்டே ஏசா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர், பக்கம் முடிவே இல்லாமல் இறங்கிக்கொண்டே போகும் உத்தியை உருவாக்கினார். பின்னாளில் அதற்காக அவரே வெளிப்படையாக வருந்தினார். 2009-ல் லைக் பொத்தான் வந்தது. யார் எதில் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று கணக்கெடுத்து, எதை மேலே காட்டுவது என்பதை இயந்திரம் முடிவு செய்யத் தொடங்கியது. டிக்டாக் வந்த பிறகு நண்பர்களே தேவையில்லை என்றாகிவிட்டது. ஒருவரையும் பின்தொடராமல் திறந்தாலும் அது உனக்கென்று ஏதாவது வைத்திருக்கும்.

இது ஒரு வகையில் தொலைக்காட்சிதான். உன் விரலைப் பார்த்துச் சேனல் மாற்றும் தொலைக்காட்சி. தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்தவன் பதிவு போடுவானா? பார்ப்பான். உன் வகுப்பில் நடப்பது அதுதான்.

ஆனால் நீங்கள் பேசாமல் இல்லையே. வாட்ஸ்அப் குழுவில் பேசுகிறீர்கள், 24 மணி நேரத்தில் மறையும் ஸ்டோரியில் பேசுகிறீர்கள். ஸ்னாப்சாட் 2013-ல் தொடங்கி, இன்ஸ்டாகிராம் 2016-ல் எடுத்துக்கொண்ட அந்த ஸ்டோரி உங்கள் வயதுக்காரர்களுக்கு ஏன் பிடித்தது என்று யோசித்திருக்கிறாயா? அழிந்துவிடும் என்பதற்காகத்தான். தொலைபேசி வந்த புதிதில் பல நாடுகளில் நான்கைந்து வீடுகளுக்குச் சேர்த்து ஒரே கம்பி இருந்தது. அடுத்த வீட்டுக்காரர் எடுத்து வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பார். அதனால் ஜனங்கள் பேசுவதை நிறுத்திவிடவில்லை. சாடை மாடையாகப் பேசக் கற்றுக்கொண்டார்கள். உன் வகுப்பும் அதையே செய்கிறது.

திறந்த வெளியில் எல்லாரும் எல்லாவற்றையும் எழுதிய அந்தப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் இருக்கிறதே, அதுதான் கடந்து போகிற பகுதி என்று நினைக்கிறேன். எனக்கு அதில் வருத்தம் உண்டு. முன்பின் தெரியாத ஒருவர், இரவு இரண்டு மணிக்கு, தன் தந்தையை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு எழுதிய நான்கு வரிக்கு நூறு பேர் பதில் சொன்னதை நான் பார்த்திருக்கிறேன். அந்த நான்கு வரி இன்று ஒரு குழுவுக்குள் எட்டுப் பேருக்குத்தான் போகும்.

கேள்வி: மகளுக்குப் பதின்மூன்று முடிந்து பதினான்கு ஆகிறது. ஆஸ்திரேலியா போல நாமும் தடை செய்துவிட வேண்டுமா? வீட்டில் நானும் என் மனைவியும் இதைப் பற்றிப் பேசாத நாளில்லை. (ஒரு தந்தை)

முதலில் அந்தச் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம். பலரும் அதைப் பிள்ளைகளுக்குப் போட்ட தடை என்று நினைக்கிறார்கள். 2024 நவம்பரில் நிறைவேறி 2025 டிசம்பர் 10-ல் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டம், பதினாறு வயதுக்குக் கீழே உள்ளவர்கள் கணக்கு வைத்திருக்காமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை நிறுவனங்கள் தலையில் வைக்கிறது. தவறினால் 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம். பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தண்டனை கிடையாது. சட்டம் எவ்வளவு தூரம் பலன் தரும் என்பது போகப் போகத்தான் தெரியும். ஆனால் பொறுப்பைச் சரியான இடத்தில் வைத்தார்களே, அதை மனதார வரவேற்கிறேன். இத்தனை நாள் எல்லாப் பழியும் தாய் தகப்பன் மேல்தான் விழுந்தது. 2023-ல் அமெரிக்க அரசின் பொது சுகாதாரத்துக்கான தலைமை மருத்துவராக (சர்ஜன் ஜெனரல்) இருந்த விவேக் மூர்த்தி வெளியிட்ட அறிவுரையும், சமூக ஊடகம் பிள்ளைகளுக்குப் போதிய அளவு பாதுகாப்பானது என்று முடிவு கட்ட இயலாது என்றே சொன்னது. சில பிள்ளைகளுக்கு அதனால் துணையும் ஆறுதலும் கிடைப்பதையும் அதே அறிக்கை மறைக்கவில்லை.

இனி நான் நேரில் பார்த்தது. என் தங்கை மகளுக்கு அப்போது பதினான்கு வயது. விடுமுறையில் என்னோடு இருந்தாள். ஒரு மாலை மாடிப்படியில் உட்கார்ந்து தன் படம் ஒன்றைப் போட்டாள். அழகான படம், முகத்தில் பாதி வெயில். போட்டுவிட்டுப் போனைக் கீழே வைக்கவில்லை. கட்டைவிரலால் திரையைக் கீழே இழுப்பாள், விடுவாள், எண்ணைப் பார்ப்பாள். நான்கு. மறுபடி இழுப்பாள். ஏழு. நான் பக்கத்தில் உட்கார்ந்து வேறு ஏதோ பேசிக்கொண்டிருந்தேன், அவள் "ம்" கொட்டிக்கொண்டிருந்தாள். பத்து நிமிடம் இருக்கும். பதினொன்றில் நின்றுவிட்டது. "இது நல்லா இல்ல பெரியம்மா" என்று சொல்லி அழித்துவிட்டாள். அந்தப் படம் எனக்கு வேண்டும் என்று கேட்டேன். தரமாட்டேன் என்றாள்.

பதினொரு பேர் பார்த்துப் பிடித்திருக்கிறது என்று சொன்ன படம் ஐயா அது. பதினான்கு வயதில் என்னைப் பார்த்து ஒரே ஒருவர் அப்படிச் சொல்லியிருந்தால் ஒரு வருஷம் அதையே நினைத்துக்கொண்டிருப்பேன். அவளுக்குப் பதினொன்று போதவில்லை. எண் என்று ஒன்று திரையில் இருந்தால் அது போதாமலேதான் இருக்கும், குழந்தை மேல் குற்றமில்லை.

ஆகவே, தள்ளிப்போட முடிந்தவரை தள்ளிப்போடுங்கள். பதினைந்து பதினாறு ஆகட்டும். ஆனால் பிடுங்கி வைக்காதீர்கள். பிடுங்கினால் தோழியின் போனில் இன்னொரு பெயரில் கணக்குத் தொடங்குவாள், பிரச்சினை வந்தால் உங்களிடம் சொல்லவும் மாட்டாள். ஏற்கெனவே கணக்கு இருக்கிறது என்றால், லைக் எண்ணிக்கையை மறைக்கும் வசதி சில செயலிகளில் உண்டு, அவளோடு உட்கார்ந்து அதைச் செய்யுங்கள். இரவில் எல்லாருடைய போனும் கூடத்தில் ஒரே இடத்தில் சார்ஜ் ஏறட்டும். எல்லாருடையதும் என்றால் உங்களுடையதும் உங்கள் மனைவியுடையதும் சேர்த்துத்தான். மற்ற விதிகள் தளர்ந்தாலும் இந்த ஒன்றைத் தளர்த்தாதீர்கள், தூக்கம் போனால் மற்ற எல்லாம் பின்னாலேயே போகும்.

கேள்வி: குடும்பக் குழுவில் என் அண்ணன் காலையிலிருந்து பொய்ச் செய்திகளாகத் தள்ளுகிறார். திருத்தினால் கோபம் வருகிறது. என்ன செய்ய? (ஒரு வாசகி)

குழுவுக்குள் திருத்தாதீர்கள். அத்தனை பேர் பார்க்க, தங்கை தன்னைத் திருத்தினாள் என்பதுதான் அவருக்கு உறைக்கிறது, செய்தி பொய் என்பது உறைப்பதில்லை. போன் போட்டுப் பேசுங்கள். எழுதாதீர்கள், பேசுங்கள்.

எங்கள் குழுவில் காணாமல் போன ஒரு சிறுவனின் படம் சுற்றி வரும். நீலச் சட்டை, நெற்றியில் சின்ன வடு. கண்டால் இந்த எண்ணுக்குச் சொல்லுங்கள் என்றிருக்கும். 2013-ல் முதலில் பார்த்தேன். பிறகு மூன்று முறை வந்தது, ஒவ்வொரு முறையும் "நேற்று முதல் காணவில்லை" என்று. கடைசி முறை அந்த எண்ணுக்கே கூப்பிட்டேன், அது உபயோகத்தில் இல்லை. அந்தப் பிள்ளை கிடைத்துவிட்டானா இல்லையா என்றே தெரியாது. இருந்தால் இன்று மீசை முளைத்திருக்கும். அனுப்பிய என் சித்தியை அழைத்து இதை அப்படியே சொன்னேன். சித்தி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அந்த எண்ணுக்கு நானும் கூப்பிட்டுப் பார்த்திருக்கணும்" என்றார். அதற்குப் பிறகு அவர் எதை அனுப்புவதற்கு முன்னும் என்னைக் கேட்கிறார்.

பொய் பரப்புகிறவர்களில் பெரும்பாலானோர் கெட்டவர்கள் இல்லை. யாருக்காவது உதவட்டுமே என்ற நல்ல மனசைத்தான் அந்தச் செய்திகள் பிடித்துக்கொள்கின்றன. ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி 2019 ஜனவரியில் வாட்ஸ்அப் உலகம் முழுவதும் கட்டுப்படுத்தியது. பலமுறை கைமாறிய செய்தி என்றால் 2020 ஏப்ரல் முதல் ஒரு இடத்துக்குத்தான். அப்படிப் பல கை மாறி வந்ததன் மேல் இரட்டை அம்புக்குறி இருக்கும். அண்ணனிடம் அந்தக் குறியை மட்டும் காட்டிக் கொடுங்கள், போதும்.

கேள்வி: தையல் வகுப்பு நடத்துகிறேன். என் பக்கத்தை முன்பு ஆயிரக்கணக்கானோர் பார்த்தார்கள். இப்போது நூறு பேருக்குக்கூடப் போவதில்லை. என்ன தவறு செய்தேன்?

நீங்கள் ஒன்றும் தவறு செய்யவில்லை. எதை யாருக்குக் காட்டுவது என்பதைத் தளம் மாற்றிக்கொண்டது. வாடகைக்கு இருந்த வீட்டில் உரிமையாளர் சுவரை மாற்றிக் கட்டிவிட்டார், அவ்வளவுதான். பக்கத்தை மூட வேண்டாம். ஆனால் உங்கள் மாணவிகளின் பெயர், எண், மின்னஞ்சல் எல்லாவற்றையும் அவர்கள் சம்மதத்தோடு ஒரு நோட்டில் இன்றே எழுதி வையுங்கள். பாடப் படங்களின் மூலப் பிரதிகள் உங்களிடம் இருக்கட்டும். மைஸ்பேஸில் 2003 முதல் 2015 வரை இசைக் கலைஞர்கள் ஏற்றிய பாடல்கள் சர்வர் மாற்றும்போது அழிந்துபோயின. 2019-ல்தான் அது வெளியே தெரிந்தது. தங்களிடம் இன்னொரு பிரதி வைத்திருந்தவர்கள் பிழைத்தார்கள்.

கேள்வி: எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றால் எதை வைத்துக்கொள்வீர்கள்?

என் அம்மாவின் குரல் பதிவுகளை.

அம்மாவுக்கு எண்பத்தாறு. கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவர். அப்பாவும் மாமாக்களும் பேசுவார்கள், அம்மா உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருப்பார். என் பிள்ளைகள்தான் அவருக்குக் குரல் பதிவு அனுப்பக் கற்றுக்கொடுத்தார்கள். இப்போது எங்கள் குழுவில் அவர் குரல்தான் அதிகம். அனுப்புவதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். தொண்டையைச் செருமிக்கொண்டு, போனை வாய்க்கு அருகில் பிடித்துப் பேசுவார். பேசியதைப் போட்டுக் கேட்பார். ஒரு சொல் தடுக்கியிருந்தால் அழித்துவிட்டு முதலிலிருந்து பேசுவார். சில நாள் மூன்று முறை, நான்கு முறை. அனுப்பிய பிறகு என்னைப் பார்த்து, "சரியா விழுந்துதா?" என்பார்.

மூன்று நிமிடக் கணக்குப் பார்த்துப் பேச்சை வெட்டியவள் நான். அம்மாவின் நீளமான பதிவு பதினோரு நிமிடம். மொத்தம் 212 இருக்கின்றன. சென்ற வாரம் எல்லாவற்றையும் ஒரு ஹார்டு டிஸ்கில் ஏற்றி, ஒவ்வொன்றுக்கும் தேதி எழுதிவைத்தேன். எழுதிக்கொண்டிருக்கும்போதே 213-ஆவது வந்தது.